ஷத்தோ மார்கோ: ஒதுக்கி ஒதுக்கி எடுக்கும் வைன்

பிரான்சின் போர்தோ வட்டாரத்திலிருந்து சில ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் வருகின்றன. வைன் விற்காமல் தேங்குவதால், ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவித்தொகை வாங்கிக்கொண்டு விவசாயிகள் திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்கினார்கள் என்பது ஒரு செய்தி. 2023-ல் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. இன்னொரு செய்தியில், அதே வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் ஒரே பாட்டில் பல நூறு யூரோவுக்கு விற்கிறது. ஒரே மாவட்டம், அதே திராட்சை வகைகள், அதே மழை.

அந்த விலை பெயருக்கா, இல்லை நாக்குக்குத் தெரிகிற வித்தியாசம் ஏதாவது உண்டா? இரண்டும் உண்டு. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க அந்தத் தோட்டமான ஷத்தோ மார்கோ நல்ல உதாரணம். ருசி பார்ப்பவர்கள் பல தலைமுறைகளாக இந்த வைனுக்குத் தரும் அடைமொழி 'நளினமானது' என்பது. காரமோ கனமோ இனிப்போ இல்லாத ஒன்றைப் புகழ்வதால் அந்த அடைமொழி புதியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் நளினத்துக்குக் காரணங்கள் உண்டு. அவற்றை மண்ணிலிருந்து நாக்கு வரை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் சில பெயர்கள்

1. ஷத்தோ: சொல்லளவில் கோட்டை அல்லது மாளிகை. போர்தோவில் அது தோட்டம், வைன் செய்யும் கூடம், நிலவறை எல்லாம் சேர்ந்த பண்ணையைக் குறிக்கும். மாளிகையே இல்லாத ஷத்தோக்கள் ஏராளம். மார்கோவில் நிஜமாகவே மாளிகை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயி கோம்ப் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது, கிரேக்கக் கோயில் போலத் தூண்கள் வைத்தது.

2. மார்கோ: இது ஊரின் பெயரும்கூட. போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில், மெதோக் பகுதியில் இருக்கிறது. அந்த ஊரும் அக்கம்பக்கத்து ஊர்களும் சேர்ந்த எல்லைக்குள் விளைந்த வைன்தான் லேபிளில் 'மார்கோ' என்று போட்டுக்கொள்ளலாம். ஆகவே 'மார்கோ' என்று எழுதிய பாட்டில் எல்லாம் ஷத்தோ மார்கோ ஆகாது. கடையில் ஏமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

3. பிரமியே குரு: முதல் தர விளைச்சல் என்று பொருள். 1855-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக போர்தோ வைன் தரகர்கள் மெதோக் சிவப்பு வைன்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். மேல் படியில் நான்கே பெயர்கள்: லாஃபித், லத்தூர், மார்கோ, அப்புறம் மெதோக்குக்கு வெளியே கிராவ் பகுதியிலிருந்து சேர்த்துக்கொண்ட ஓ பிரியோன். 1973-ல் மூத்தோன் ஐந்தாவதாக ஏறியது. வேறு யாரும் இதுவரை அங்கே ஏறவில்லை.

இந்தத் தரவரிசையை யாரும் ருசி பார்த்துத் தீர்மானிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெடுநாளாக எந்தப் பண்ணையின் வைன் என்ன விலைக்குப் போனது என்ற கணக்கே அடிப்படை. அந்த வரிசை ஒன்றும் திடீரென்று முளைத்ததல்ல. 1787-ல் போர்தோவுக்குப் போன தாமஸ் ஜெஃபர்சன், அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதர், முதல் தரம் என்று குறித்துக்கொண்டதும் இதே நான்கு தோட்டங்களைத்தான். இன்னொன்று: தரம் பண்ணையின் பெயருக்கு, நிலத்துக்கு அல்ல. பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் தரம் அப்படியே நிற்கும்.

சரளை மண் செய்வது என்ன

பண்ணையின் பரப்பு 262 ஹெக்டேர். அதில் சிவப்புத் திராட்சை இருப்பது 80 ஹெக்டேரை ஒட்டித்தான். மீதி காடு, மேய்ச்சல் நிலம், பூங்கா, கொஞ்சம் வெள்ளைத் திராட்சை. கொடி நட்ட நிலத்தின் மேட்டில் நின்று பார்த்தால் மண்ணே சரியாகக் கண்ணில் படாது. கோழிமுட்டை அளவிலும் அதற்குச் சிறியதாகவும் வழவழப்பான கூழாங்கற்கள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து கொட்டியவை.

காய்கறி விளைவிக்கிற விவசாயி இந்த நிலத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார். திராட்சைக்கு அந்த வறுமைதான் பலம்.

1. மழைநீர் கற்களுக்கு நடுவே உடனே வடிந்துவிடுகிறது. கொடி தண்ணீர் தேடி வேரை ஆழமாக இறக்குகிறது. பழம் ஊதிப் பெருப்பதில்லை.

2. சிறிய பழத்தில் சாறு குறைவு, அதோடு ஒப்பிட்டால் தோல் அதிகம். சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் மணத்தின் பெரும்பகுதியும் தோலில்தான் இருக்கின்றன.

3. பகலில் சூடேறிய கற்கள் இரவில் அந்தச் சூட்டை மெல்ல விடுகின்றன. கபர்னே சோவிஞோன் தாமதமாகப் பழுக்கும் வகை. அதற்கு இந்தக் கூடுதல் சூடு தேவை. பழுக்காத கபர்னேயில் பச்சைக் குடைமிளகாய் வாசனை வரும். பழுக்கப் பழுக்க அந்த வாசனையைத் தரும் வேதிப்பொருள் குறைந்துகொண்டே போகும்.

4. பக்கத்தில் அகன்ற கழிமுகம் இருப்பதால் வசந்த காலப் பனியும் கோடை வெயிலும் சற்று மட்டுப்படுகின்றன.

தண்ணீர் தேங்கும் களிமண் பகுதிகளில் சீக்கிரம் பழுக்கும் மெர்லோவை நடுவது மெதோக் வழக்கம். கொஞ்சம் கபர்னே ஃப்ராங்கும் பெட்டி வெர்டோவும் உண்டு. போர்தோ வைன் பெரும்பாலும் கலவை வைன்தான். கபர்னேயின் ருசிக்கு முதுகெலும்பு உண்டு, நடுவில் சதை குறைவு. மெர்லோ அந்தப் பள்ளத்தை நிரப்பும் என்பது பழைய பாடம். மார்கோவின் சமீபத்திய வைன்கள் அந்தப் பாடத்தை மீறுகின்றன. 2016-ஆம் ஆண்டு வைனில் கபர்னே சோவிஞோன் மட்டும் 94 விழுக்காடு. நன்றாகப் பழுத்த கபர்னே தன் பள்ளத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

ஒதுக்குவதில்தான் இருக்கிறது

மண் மட்டுமே காரணம் என்றால் அதே சரளை மேட்டில் இருக்கும் எல்லாத் தோட்டங்களும் ஒரே மாதிரி வைன் தர வேண்டும். தருவதில்லை. இந்தப் பண்ணையின் வரலாற்றைப் பார்த்தால், அதன் நல்ல காலங்கள் எல்லாம் யாரோ ஒருவர் எதையோ வேண்டாம் என்று ஒதுக்கிய காலங்களாக இருக்கின்றன.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லோன் என்ற மேலாளர் இருந்தார். அதுவரை சிவப்பையும் வெள்ளையையும் கலந்தே நட்டு, கலந்தே பறிப்பது வழக்கம். அவர் இரண்டையும் பிரித்தார். விடியற்காலையில் பனித்துளியோடு பறித்தால் நிறமும் சாறும் நீர்த்துவிடும் என்று அந்த நேரத்துப் பறிப்பையே நிறுத்தினார். இன்று கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். அன்று கூலி கணக்குப் பார்க்கிற எந்த உரிமையாளருக்கும் எரிச்சலூட்டியிருக்கும்.

சரிவும் உண்டு. 1970-களின் போர்தோ விலைச் சரிவில் அப்போதைய உரிமையாளர்களான ஜினெஸ்தே குடும்பத்தால் பண்ணையைத் தாங்க முடியவில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்று வாங்க வந்தபோது பிரெஞ்சு அரசு தடுத்துவிட்டது. கடைசியில் 1977-ல் வாங்கியவர் ஆந்த்ரே மென்ட்செலோபூலோஸ், கிரேக்க நாட்டில் பிறந்தவர், கராச்சியில் தானிய வியாபாரம் செய்து பணம் சேர்த்தவர், பிரான்சின் ஃபெலிக்ஸ் போத்தேன் மளிகைக் கடைச் சங்கிலியின் உரிமையாளர். வைன் பரம்பரை கிடையாது. அதுவே நல்லதாகப் போனது என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நிலத்தடி வடிகால்களைச் சீரமைத்தார், கொடிகளை மறுநடவு செய்தார், போர்தோவின் பெரிய வைன் விஞ்ஞானி எமீல் பேனோவை ஆலோசகராக அழைத்துவந்தார்.

பேனோவின் முக்கியமான அறிவுரை, கண்டிப்பான தேர்வு. விளைந்ததை எல்லாம் பண்ணையின் பெயரில் விற்கும் பெரிய வைனில் ஊற்றாதே. சுமாரான பீப்பாய்களை இரண்டாம் வைனுக்குத் தள்ளு. பவியோன் ரூஜ் என்ற பெயரில் ஓர் இரண்டாம் வைன் இந்தப் பண்ணைக்கு 1908 முதலே உண்டு. இடையில் கைவிடப்பட்டிருந்த அதற்கு மறுபடி உயிர் வந்தது. 1980-ல் ஆந்த்ரே இறந்துவிட, மகள் கொரின் பொறுப்பேற்றார். 1983-ல் சேர்ந்த போல் போந்தாலியே 2016-ல் இறக்கும் வரை வைனைக் கவனித்தார். இவர்கள் காலத்தில் ஒதுக்குவது இன்னும் கூடியது. பவியோன் ரூஜில்கூடச் சேராதது மூன்றாம் வைனாகிறது, அதிலும் சேராதது மொத்தமாகக் கைமாறிப் போகிறது. 2016-ல் பெரிய வைனுக்குள் போனது மொத்த விளைச்சலில் 28 விழுக்காடு. பொதுவாகவே மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான் நிற்கிறது.

நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 2015-ல் திறந்த புதிய கூடத்தையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். பத்திரிகைகள் கூரையைப் படம் பிடித்தன. விஷயம் உள்ளே இருக்கும் சிறிய தொட்டிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பாத்தியின் திராட்சையும் தனித்தனியே நொதித்தால்தான் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று ருசி பார்த்து முடிவெடுக்க முடியும். எல்லாவற்றையும் பெரிய தொட்டியில் கொட்டிவிட்டால் ஒதுக்க எதுவும் மிஞ்சாது.

தேர்வு முடிந்த வைன் புது ஓக் மரப் பீப்பாய்களில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு கிடக்கிறது. பீப்பாய் ஒன்றின் கொள்ளளவு 225 லிட்டர். தெளிய வைக்க அடித்த முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது பழைய முறை: பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை. வெள்ளைக்கருவின் புரதம் டானின் என்ற துவர்ப்புப் பொருளில் கரடுமுரடானதைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். இங்கேயும் எடுத்துவிடுகிற வேலைதான்.

கோப்பையில் பார்ப்பது எப்படி

தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் விழுங்குவதில்லை, துப்பிவிடுவார்கள். நாளைக்கு நாற்பது ஐம்பது வைன் பார்க்கிறவர் விழுங்கினால் மூன்றாவதிலேயே தீர்ப்பு கெட்டுவிடும்.

1. சூடு. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்ற வாசகம் ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது. 30 டிகிரி அறையில் ஊற்றினால் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மூக்கில் ஏறும்; நளினம் என்று தேட எதுவும் இருக்காது.

2. கண். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வெள்ளைத் துணி அல்லது தாளின்மேல் சாய்த்துப் பிடித்து ஓரத்தைப் பார்க்க வேண்டும். இளம் வைன் என்றால் ஓரம்வரை ஊதா. வயதானால் ஓரம் செங்கல் நிறத்துக்கு மாறி, நடுவிலும் அடர்த்தி குறையும்.

3. மூக்கு. அசைக்காமல் ஒரு முறை, சுழற்றி ஒரு முறை. மார்கோவில் பிளாக்கரண்ட் என்ற சிறு கருப்புப் பழத்தின் மணத்தோடு வயலட் பூ மணம் வரும் என்பது பரவலான கருத்து. புது ஓக்கிலிருந்து வனிலாவும் கிராம்பும் ஏறும். இளம் வைனில் அவை தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் மரம் வைனை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். முழுக்கப் புதுப் பீப்பாயில் வைத்தும் மரம் தெரியாமல் இருப்பது இந்த வைனின் சாமர்த்தியம். உள்ளே சரக்கு இல்லாத வைனால் அது முடியாது.

4. வாய். இதுதான் முக்கியமான கட்டம். டானின் என்பது தோல், விதை, மரம் மூன்றிலிருந்தும் வரும் துவர்ப்புப் பொருள். உமிழ்நீரில் இருக்கும் புரதங்களோடு அது ஒட்டிக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய் ஓர் இறுக்கம் வருகிறது. நாவல் பழம் தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதே வேலை. நளினமான வைனில் டானின் குறைவு என்று நினைப்பது பெரிய தவறு. மார்கோவில் டானின் தாராளமாகவே உண்டு. வித்தியாசம் அதன் பொடித்தன்மையில்: ஈறைக் கீறாமல், பொடிபோலப் பரவி, நாக்கு முழுக்க ஒரே சீராகப் பிடிக்கும். பழுத்த விதை, பழுத்த தோல், ஒதுக்கப்பட்ட கரடு பீப்பாய்கள் இவற்றின் கூட்டுப் பலன் அது.

5. நீளம். துப்பிய பிறகு மணம் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுவார்கள். ஒரு நொடிக்கு ஒரு கோதாலி என்று பிரெஞ்சுக்காரர்கள் அளவே வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைவிட என்ன நிற்கிறது என்று கேட்பது பயனுள்ளது. புளிப்பும் சூடும் மட்டும் நின்றால் அது நீளமல்ல, எரிச்சல்.

இந்த ஐந்தையும் சேர்த்தால் நளினம் என்பதற்கு ஓரளவு கறாரான விளக்கம் கிடைக்கிறது. பழம், புளிப்பு, துவர்ப்பு, மரம், ஆல்கஹால் இவற்றில் எதுவும் மற்றதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வராத நிலை. ஒவ்வொன்றும் தாராளமாக இருந்தும் எதுவும் தனியாகக் கேட்காத நிலை என்றும் சொல்லலாம்.

சந்தேகப்படுகிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு

2001-ல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்று வைன் உலகத்துக்குச் சங்கடம் தந்தது. வைனியல் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, சிவப்பு வைனுக்குரிய வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது. லேபிளும் விலையும் இதே வேலையைச் செய்யும் என்பதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் நேர்மையான ஒப்பீடு என்றால் பாட்டிலை உறைபோட்டு மறைத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வை வைத்துக்கொண்டு எல்லா வைனும் ஒன்றுதான் என்று முடிவுகட்டுவதும் அவசரம். அது காட்டியது மணத்துக்குப் பெயர் வைப்பதில் இருக்கும் தடுமாற்றத்தை. டானினின் பிடியும் புளிப்பும் வாயில் உடலளவில் உணர்வது. சாயத்தால் அதை அவ்வளவு எளிதாக மறைக்க முடியாது.

வயது

இளம் மார்கோவைத் திறப்பது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் வீண். ஆண்டுகள் போகப்போக டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, ஒரு பகுதி வண்டலாகப் படிகிறது. பழ மணம் பின்வாங்கி, சீடார் மரம், புகையிலை, ஈரக் காட்டு மண் போன்றவை முன்னே வருகின்றன. நல்ல ஆண்டு வைனுக்கு இருபது, முப்பது வருடம் சாதாரணம். குடிப்பதற்குமுன் பாட்டிலை நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறக்கி, மெதுவாக வேறு குடுவைக்கு மாற்றுவது இதற்காகத்தான்.

எந்த ஆண்டு என்பதும் ஊருக்கு ஊர் மாறும். 1982 போர்தோ முழுக்கக் கொண்டாடப்பட்ட ஆண்டு. மார்கோ ஊரில் மட்டும் 1983 அதற்கு இணை, அல்லது ஒரு படி மேல் என்று பலர் சொல்வார்கள்.

விலைக்கு வருவோம்

போர்தோவின் பெரிய வைன்கள் பீப்பாயில் இருக்கும்போதே விற்கின்றன. அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் விமர்சகர்களும் வணிகர்களும் ருசி பார்ப்பார்கள், பண்ணை விலை சொல்லும், வாங்குபவர் பணம் கட்டிவிட்டு இரண்டு ஆண்டு காத்திருப்பார். ஆன் ப்ரிமேர் என்று அதற்குப் பெயர். காத்திருப்பவருக்கு ஆதாயம் இருந்தால்தான் இந்த முறை ஓடும். பாட்டில் வெளிவரும்போது விலை ஏறாமல், சில சமயம் இறங்கியும் போனதால், வாங்குபவர்கள் விலகத் தொடங்கினார்கள். லத்தூர் 2012-லேயே இந்த முறையை விட்டு வெளியேறிவிட்டது. 2025-ல் 2024 அறுவடை வைனை முதல் தரப் பண்ணைகள் கணிசமாக விலை குறைத்தே வெளியிட்டன.

இங்கேதான் நாக்கின் கணக்கும் பெயரின் கணக்கும் பிரிகின்றன. கையால் பறித்து, மூன்றில் இரண்டு பங்கை ஒதுக்கி, புதுப் பீப்பாயில் வைப்பதற்குச் செலவு அதிகம்தான். ஆனால் அந்தச் செலவு கடை விலையில் சிறு பகுதிக்குத்தான் கணக்குக் காட்டும். மீதி அரிதாகக் கிடைப்பதற்கும் 1855-க்கும் முதலீட்டாளருக்கும் கொடுப்பது. 1989-ல் நியூயார்க்கில், ஜெஃபர்சனுக்குச் சொந்தமானது என்று சொல்லப்பட்ட 1787 மார்கோ பாட்டில் ஒன்று விருந்தில் மோதி உடைந்தது. காப்பீட்டு நிறுவனம் 2,25,000 டாலர் கொடுத்தது. அந்த வகைப் பாட்டில்கள் உண்மையானவைதானா என்ற சந்தேகம் பின்னால் பெரிதாக வெடித்தது. ருசியே பார்க்கப்படாத ஒன்றுக்குக் கொடுத்த அந்தத் தொகையில் வைனுக்கானது எவ்வளவு என்று கேட்டால், பதில் ஏறக்குறைய பூஜ்யம்.

பருவநிலை மாற்றம் இன்னொரு சிக்கல். வெப்பம் கூடியதால் கபர்னே முன்பைவிட ஒழுங்காகப் பழுக்கிறது. பச்சைக் குடைமிளகாய் வாசனை அரிதாகிவிட்டது. அதே வெப்பம் பழத்தில் சர்க்கரையை ஏற்றி ஆல்கஹாலைக் கூட்டுகிறது, புளிப்பைக் குறைக்கிறது. முன்பு 12, 12.5 விழுக்காட்டில் நின்ற போர்தோ வைன்கள் பல இப்போது 14-ஐத் தொடுகின்றன. சமநிலையை நம்பிப் பெயர் வாங்கிய பண்ணைக்கு இது நேரடியான மிரட்டல். பறிக்கும் நாளைத் துல்லியமாகத் தேர்வதும், கனம் மிகுந்த வைன் இருக்கும் தொட்டிகளைப் பெரிய வைனிலிருந்து தள்ளிவைப்பதும்தான் கையிலிருக்கும் வழி.

கொடியைப் பிடுங்கும் விவசாயிக்கு அந்த வழியும் இல்லை. ஐந்து யூரோவுக்கு விற்கும் பாட்டிலில் எதையும் ஒதுக்க முடியாது. விளைந்தது முழுவதையும் ஊற்றினால்தான் அவருக்கு முதல் திரும்பும். விலை கூடிய பண்ணை ஒதுக்குகிறது, ஒதுக்குவதால் வைன் மேம்படுகிறது, அதனால் விலை இன்னும் கூடுகிறது. கீழ்ப்படியில் இருப்பவருக்கு இதே வட்டம் தலைகீழாகச் சுற்றுகிறது. பிரான்சில் சிவப்பு வைன் குடிப்பதே பல பத்தாண்டுகளாகக் குறைந்துவரும் நிலையில், முதலில் அடிபடுவது அந்த ஐந்து யூரோ பாட்டில்தான்.

இந்த வட்டத்தின் நடுப்பகுதியில்தான் ருசி பார்க்க விரும்புகிறவருக்கு வாய்ப்பு இருக்கிறது. மார்கோ எல்லைக்குள் 1855 பட்டியலில் இடம்பெற்ற பண்ணைகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன, வேறெந்த ஊரிலும் இத்தனை இல்லை. ரோசான் செக்லா, பிரான் கந்தெனாக், ஜிஸ்கூர் போன்றவை அதே வகைச் சரளையில் விளைந்து, முதல் தர விலையில் சிறு பங்குக்கு விற்கின்றன. அவற்றில் ஒன்றைப் பத்துப் பதினைந்து வயதில், 17 டிகிரியில், உறைபோட்டு மறைத்து, பக்கத்தில் சாதாரண போர்தோ ஒன்றை வைத்து ருசி பார்த்தால் டானினின் பொடித்தன்மை என்று மேலே சொன்னது என்னவென்று வாய்க்கே தெரிந்துவிடும்.